சிறிய கிராமச் சபையில் ஐக்கியம் எதில் நிற்கிறது?

சென்னையின் பெரிய சபையொன்றில் வளர்ந்து, ஆசிரியப் பணியின் நிமித்தம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் குடும்பத்தோடு குடிபெயரவிருக்கும் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "நாங்கள் போகும் ஊரில் ஐம்பது குடும்பங்கள் மட்டுமே உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை இருக்கிறது. ஐயர், அதாவது சபையின் குருவானவர், அங்கே குடியிருப்பதில்லை. ஞாயிறு ஆராதனை தவிர அங்கே என்னதான் நடக்கும்? அத்தகைய சபையில் ஐக்கியம் எப்படி இருக்கும், நாங்கள் எப்படி ஒட்டிக்கொள்வது?"

சுருக்கமான விடை வேண்டுமென்றால், அந்தச் சபையின் ஐக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்துக்குள் தேடினால் அது உங்களுக்கு அகப்படாது. ஆராதனை முறைப்படி நடந்து முடியும், ஆசீர்வாதம் கூறப்பட்டதும் மக்கள் கலைந்துவிடுவர். வாசலில் கைகுலுக்கி வரவேற்க ஒரு குழுவோ, ஆராதனைக்குப் பின் தேநீரோடு உரையாடும் வழக்கமோ பெரும்பாலும் இராது. முறைவைத்துச் செய்யும் வேலைகளிலும், சிறுகச் சிறுகச் சேரும் காணிக்கையிலும், சாவு வீட்டிலும், எல்லார் முன்னும் வாசிக்கப்படும் கணக்கிலுமே அந்த ஐக்கியம் நிற்கிறது. இவற்றில் பங்கெடுக்காமல் ஆராதனைக்கு மட்டும் வந்துபோகிறவரைப் பத்து ஆண்டு கழித்தும் சபையார் விருந்தாளியாகவே நடத்துவர். மரியாதைக்குக் குறைவிருக்காது, நெருக்கம் மட்டும் வராது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சிற்றூர்ச் சபை தனித்து இயங்குவதில்லை. அக்கம்பக்கத்து ஊர்ச் சபைகள் சிலவற்றோடு சேர்ந்து அது ஒரு சேகரமாக இருக்கும். சேகரத்தின் தலைமை ஊரில் ஐயர் குடியிருப்பார். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை ஆசரிப்பதும் திருமணம் நடத்துவதும் குருப்பட்டம் பெற்ற அவருடைய பொறுப்பாகையால், அவர் உங்கள் ஊருக்கு மாதத்தில் ஓரிரு ஞாயிறுகளில் மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர், அதாவது வயதானவர்கள் இன்றும் உபதேசியார் என்றே அழைப்பவர், ஆராதனையை நடத்துவார். அவரும் இல்லாத நாளில் பள்ளிக்கூட வாத்தியாரோ சபைப் பெரியவர் ஒருவரோ பிரசங்க பீடத்துக்குக் கீழே நின்று ஜெபங்களை வாசித்து முடித்துவிடுவார். நீங்கள் ஆசிரியராகப் போகிறபடியால் இந்தப் பொறுப்பு விரைவிலேயே உங்கள் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஐயர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார், ஊழியரும் மாறுவார். மாறாமல் இருப்பவர் மணியடித்து, விளக்கேற்றி, பாய் விரிக்கும் கோயில்பிள்ளை. ஆலயத்தின் சாவி அவரிடம்தான் இருக்கும். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதும், யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் ஐயருக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தச் சபைகள் இப்படி அமைந்ததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1778-இல் கிளாரிந்தா அம்மையார் ஜெர்மானிய மிஷனெரியான ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றதையும், 1785-இல் அவர் முயற்சியால் பாளையங்கோட்டையில் எழுந்த சிறு ஆலயத்தையும் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால் கிராமச் சபையின் குணத்தைத் தீர்மானித்தது, என் கணிப்பில், முதலூர்தான். புதிய விசுவாசத்தை ஏற்றதற்காகச் சொந்த ஊரில் துன்பப்பட்ட குடும்பங்கள், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முன்முயற்சியால் 1799-இல் நிலம் வாங்கி ஒன்றுகூடிக் குடியேறிய ஊர் அது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், இத்தகைய குடியேற்றங்களுக்கு நிலமும் மனையும் வாங்குவதற்காகவே 1830-இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். அவ்வழியிலும் அதையொட்டியும் எழுந்த ஊர்கள் இந்தச் செம்மண் தேரிப் பகுதி முழுவதும் இன்றும் இருக்கின்றன. ஊரும் சபையும் ஒரே நாளில் பிறந்த இடங்களில், தெருவும் கிணறும் பள்ளிக்கூடமும் கல்லறைத் தோட்டமும் சபையின் பொது விஷயங்களாகிவிட்டன. அதனால்தான் அங்கே சபையில் உண்டாகும் பிளவு ஊரின் பிளவாகிறது, ஊரில் நடக்கும் சண்டை அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குள் வந்து தனித்தனி வரிசைகளில் உட்கார்ந்துகொள்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானதோ, 2003-இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து (பேராயர் ஒருவரின் ஆளுகைக்குட்பட்ட பகுதியே திருமண்டலம்) தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்ததோ இந்த அடிப்படையை அதிகம் மாற்றவில்லை.

இனி வாரத்தைப் பார்ப்போம். சனிக்கிழமை மாலை ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பதும், பீடத்துக்குப் பூ வைப்பதும் பல சபைகளில் குடும்ப முறைப்படி நடக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களை முதலில் இந்த முறையில் சேர்க்கமாட்டார்கள். உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து விலக்கி வைப்பார்கள். நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிறு அதிகாலை முதல் மணி, ஆராதனைக்குச் சற்று முன் இரண்டாம் மணி, தொடங்கும்போது மூன்றாம் மணி; கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர் குறைவு. அதற்கு முன்போ பின்போ சிறுவர்களுக்கு ஓய்வுநாள் பாடசாலை. வார நடுவில் ஒரு மாலை பெண்கள் ஐக்கிய சங்கம் கூடும், இன்னொரு மாலை வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். வீட்டு ஜெபம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தெருவில், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையில் நடப்பதால், ஆலயத்தில் தலையசைப்போடு நின்றுவிடும் பழக்கம் அங்கேதான் பேச்சாக மாறுகிறது. கூட்டத்தின் முடிவில் ஜெபக்குறிப்புகள் சொல்லப்படும்: மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், கிணற்றில் தண்ணீர், அடுத்த வீட்டாருக்கு மனந்திரும்புதல். ஊர்ச் செய்தி முழுவதும் ஒரு மணி நேரத்தில் பரவுவதற்கு இதைவிடப் பக்தியான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. உங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லுமுன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காணிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஞாயிறன்று பையில் விழும் பணம் சபை வரவின் ஒரு பகுதியே. அதற்கு அப்பால் ஒவ்வொரு குடும்பமும் செலுத்த வேண்டிய சங்கக் காணிக்கை உண்டு. அது பாக்கியிருந்தால் சபைத் தேர்தல் நேரத்தில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்குமா என்பதே கேள்விக்குள்ளாகும். பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி தனி. இவற்றோடு கைப்பிடி அரிசி. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையிலோ டப்பாவிலோ போட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவரும் இந்த வழக்கம், கையில் காசே புழங்காத காலத்தில் பெண்கள் தங்கள் பேரில் கொடுக்கக்கூடியதாக இருந்த ஒரே காணிக்கை. மிசோரம் சபைகளில் 1910 முதல் இதே வழக்கம் பெரிய அளவில் நடந்துவருகிறது. பிடி அரிசியும் சில்லறைக் காசும் சேர்ந்து எதைச் செய்ய முடியும் என்று ஐயப்படுகிறவர்கள், 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தைப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பணமின்றி, இந்தியரின் காணிக்கையைக் கொண்டே நைஜாம் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பிய சங்கம் அது. அதை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவரான வி. எஸ். அசரியா, தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874-இல் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய தகப்பனார் அதே ஊரில் குருவாக இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். உங்களூரைப் போன்ற சபைகளிலிருந்துதான் அவர்கள் எழுந்தார்கள்.

விளைபொருட் காணிக்கையும் அதன் ஏலமும் பார்க்கவேண்டிய காட்சி. அறுப்பின் பண்டிகையன்று தேங்காய், வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிக் கொட்டான், கால் கட்டிய சேவல் எல்லாம் பீடத்துக்கு முன்னே வந்து குவியும். ஆராதனை முடிந்தபின் ஆலய முற்றத்தில் ஏலம் நடக்கும். ஒரு கைம்பெண் முந்தானையில் பொதிந்து கொண்டுவந்த ஒற்றை நாட்டுக்கோழி முட்டையை ஏலம் கூறுகிறவர் விரல் நுனியில் உயர்த்திப் பிடிப்பார். பத்து ரூபாயில் தொடங்கும் கேள்வி, இரண்டு மைத்துனர்களுக்கிடையே வீம்பாகி, நூறைத் தாண்டும். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" என்று முடிந்ததும், எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு முட்டையை வாங்காமல் "திரும்பவும் கோயிலுக்கே" என்பார். முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும். இப்படி மூன்று நான்கு கை மாறி, கடைசியில் அதைக் கொண்டுவந்த மூதாட்டியின் பேரப்பிள்ளை கையிலேயே யாரேனும் கொடுத்துவிடுவதும் உண்டு. முட்டை கொண்டுவந்தவரின் காணிக்கை ஆட்டுக்கிடா கொண்டுவந்தவரின் காணிக்கைக்கு நிகராகி நிற்பது இந்த வழக்கத்தின் அழகு. ஆனால் இப்போது வெளிநாட்டிலிருப்பவர்கள் கைப்பேசி வழியே ஏலம் கேட்பதும், யார் பெயரில் எவ்வளவு போயிற்று என்பது வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அந்த அழகைக் கொஞ்சம் கெடுத்திருக்கின்றன என்பது என் கருத்து. நீங்கள் ஏலத்தில் ஒரு வாழைப்பழச் சீப்பை எடுத்தாலே போதும். முதல் ஆண்டிலேயே பெரிய தொகைக்குக் கேட்டு நிற்பது நல்ல பெயரைத் தராது.

திருமணத்துக்கு முன் ஓலை வாசிக்கப்படும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, நியாயமான தடை ஏதேனும் உண்டானால் தெரிவிக்கலாம் என்று ஆராதனை நடுவே அறிவிப்பார்கள். வழக்கமாக மூன்று ஞாயிறுகளில் வாசிப்பது முறை. சிறிய சபையில் இது சடங்குமாத்திரம் அன்று. முதல் ஓலை வாசித்த பின்தான் பல உறவினர்களுக்குச் செய்தியே தெரியும். ஓலை வாசித்த ஞாயிறு மாலையே மணவீட்டுக்கு ஆட்கள் வேலை கேட்டு வரத் தொடங்கிவிடுவர்: பந்தல் யார், சமையல் யார், பாடற்குழுவுக்கு எந்தக் கீர்த்தனை என்று.

ஆனால் சபை எதற்காக இருக்கிறது என்பது தெரிய வேண்டுமானால் ஒரு மரணத்தின்போது அங்கே இருக்க வேண்டும். துக்கமணி மற்ற மணிகளைப்போல் ஒலிக்காது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். வயலில் இருப்பவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, யாராக இருக்கும் என்று மனத்துக்குள்ளேயே நோயாளிகளின் பட்டியலை ஓட்டுவார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தாமாகவே நடக்கத் தொடங்கும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கடப்பாரையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழி வெட்டுவர், ஒருவர் ஐயரை அழைத்துவரப் போவார், ஆலயத்துப் பெஞ்சுகளும் நாற்காலிகளும் துக்க வீட்டு முற்றத்துக்கு வந்துசேரும். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டாரும் எதிர்வீட்டாரும் பிள்ளைகளுக்குச் சோறும் பெரியவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பியும் கொண்டுவந்து கேட்காமலே வைத்துவிட்டுப் போவர். பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி அமர்ந்து பாமாலைகளையும் கீர்த்தனைகளையும் புத்தகமில்லாமலே பாடிக்கொண்டிருப்பர். ஒருத்தி குரல் உடைந்து நிறுத்தினால் இன்னொருத்தி அதே அடியில் எடுத்துக்கொள்வாள். அடக்கம் முடிந்தபின் சில நாள் மாலைதோறும் அந்த வீட்டில் ஜெபம் நடக்கும். ஆறு மாதம் பேசாதிருந்தவர்கூட அந்தத் திண்ணையில் வந்து உட்காருவார். வராவிட்டால் அதை ஊர் இருபது ஆண்டு நினைவில் வைத்திருக்கும். நீங்கள் இறந்தவரை அறியாதவராக இருந்தாலும் போக வேண்டும். பேசுவதற்கு ஒன்றுமில்லையே என்று தயங்க வேண்டாம். அங்கே யாரும் யாரிடமும் ஆறுதல் வார்த்தையை எதிர்பார்ப்பதில்லை, ஆள் வந்து உட்கார்ந்தால் போதும்.

பிரதிஷ்டை பண்டிகையும் அசனமும் இதற்கு நேரெதிரான மகிழ்ச்சி. ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்ட நாளையொட்டிச் சில இரவுகள் கன்வென்ஷன் கூட்டங்கள், பின்பு திருவிருந்து ஆராதனை, அதைத் தொடர்ந்து அசனம் என்னும் பொது விருந்து. மணலில் நீளமாகப் பள்ளம் தோண்டி அடுப்பாக்கி, அதன்மேல் அண்டாக்களை வரிசையாக ஏற்றி, இரவெல்லாம் ஆண்கள் கறி சமைப்பார்கள்; வெங்காயம் உரிப்பதும் தேங்காய் துருவுவதும் முந்தின நாளே பெண்கள் கூடிச் செய்யும் வேலை. ஊரிலுள்ள இந்துக் குடும்பங்களும் பக்கத்து ஊராரும் வந்து சாப்பிடுவர். சாப்பிட்டுவிட்டு, வரமுடியாத கிழவர்களுக்கென்று தூக்குவாளியில் வாங்கிப்போவதும் முறைதான். இங்கே பந்தி பரிமாறுவதே உங்களுக்கு ஏற்ற வேலை. ஓர் அசனத்தில் மூன்று பந்திக்குச் சோற்று வாளி தூக்கியவரின் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

டிசம்பர் மாதத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் சென்னையிலும் பார்த்ததுதான்: விடியற்கால பஜனை, இரவில் வீடுவீடாகக் கீத பவனி, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம். ஒரே வேறுபாடு, கீத பவனி அங்கே உண்மையிலேயே எல்லா வீட்டுக்கும் வரும்.

குறைகளையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கொருமுறை வரும் சபைத் தேர்தல், ஐம்பது குடும்பங்களை இரண்டு அணிகளாக்கிவிடும். சேகரத்துக்கும் திருமண்டலத்துக்கும் பிரதிநிதிகளை அனுப்பும் தேர்தலாகையால், பள்ளிகளின் நிர்வாகம், பணி நியமனம், மாற்றல் ஆகியவற்றில் யாருக்குச் செல்வாக்கு என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. திருமண்டலப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியரை இரு அணியும் தம் பக்கம் இழுக்கும். வாக்களியுங்கள், ஆனால் முதல் தேர்தலில் எந்த அணியின் திண்ணையிலும் அதிக நேரம் உட்காராதிருப்பது நலம். இரண்டாவது குறை சாதி. குடியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்தவராக இருந்ததால் பல கிராமச் சபைகள் ஒரே சாதிச் சபைகளாகவே வளர்ந்தன. பக்கத்துத் தெருவிலோ அடுத்த ஊரிலோ வேறு சமூகத்தாருக்கு வேறு ஆலயம் இருக்கும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் எழுதினார்; தஞ்சையிலும் சென்னையிலும் அதை எதிர்த்துச் சபையைவிட்டே விலகியவர்கள் உண்டு. இன்று திருவிருந்துப் பாத்திரத்தில் வேறுபாடு இல்லை; பெண் கொடுத்து எடுப்பதிலும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் அது நீடிக்கிறது. நான் மேலே வருணித்த அத்தனை நெருக்கமும், உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உறவினர்களாக இருப்பதால் எளிதாகக் கிடைப்பது என்பதை மறைக்க முடியாது. அந்த நெருக்கம் உறவுக்கு வெளியே எவ்வளவு தூரம் நீளும் என்பதை உங்களைப் போன்ற வெளியூர்க் குடும்பம் வந்து சேரும்போதுதான் சபையே அறிந்துகொள்கிறது.

மூன்றாவதாக, ஆட்கள் குறைந்து வருகிறார்கள். பனைத்தொழில் நலிந்தபின் இரண்டு மூன்று தலைமுறையாகப் பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டனர். ஐம்பது குடும்பங்கள் என்று பதிவேட்டில் இருந்தாலும், ஒரு சாதாரண ஞாயிறன்று முதியோரும் பள்ளிப் பிள்ளைகளுமே ஆலயத்தில் இருப்பதைக் காண்பீர்கள். வெளியே இருப்பவர்கள் பணம் அனுப்பத் தவறுவதில்லை. புதிய கோபுரம் எழுகிறது, தரையில் பளிங்கு பதிக்கப்படுகிறது. ஆனால் குழி வெட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கோபுரத்துக்குப் பதிலாக, தனித்து வாழும் முதியோருக்கு மதிய உணவு கொடுக்கப் பயன்படுத்தினால் தகும் என்பது என் எண்ணம். அதைச் சபைக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவு உற்சாகமானதன்று.

நீங்கள் செய்யவேண்டியவை சிலவே. இப்போதைய சபையின் ஐயரிடம் சபை மாற்றுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தாரின் ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் (பேராயர் கைவைத்து முழு அங்கத்தினராக ஏற்கும் சடங்கு) சான்று ஆகியவற்றின் நகலையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த வாரமே சேகரத் தலைமையூருக்குச் சென்று அவற்றை ஐயரிடம் கொடுத்துப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். உபதேசியாரையும் கோயில்பிள்ளையையும் அவரவர் வீட்டில் போய்ப் பாருங்கள். சங்கக் காணிக்கையை அந்த மாதமே தொடங்கி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ள உங்களைக் கேட்பார்கள், மறுக்க வேண்டாம். பிள்ளைகள் வழியாகவே வீடுகள் திறக்கும். சென்னையில் இப்படிச் செய்வோம் என்ற பேச்சை மட்டும் முதல் ஆண்டு முழுவதும் ஒத்திவையுங்கள். உங்கள் துணைவியார் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போவாரானால், அன்று கூட்டம் யார் வீட்டில் என்பதைக் கோயில்பிள்ளையின் மனைவியிடம் கேட்டால் அவரே உடன் அழைத்துப் போய்விடுவார்.